வெள்ளைக்காரப் பூட்டனின் பதிவுகளும் தோட்டத்துச் செக்ரோலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகி, தம் பாட்டியின் தகப்பனார் ஓர் ஆங்கிலேயத் தோட்டத் துரை என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பதாகவும், அவர் எந்த ஊர்க்காரர், அவருடைய குடும்பப் பெயருக்கு என்ன பொருள் என்பதை அறிய வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். அடுத்த வாரம் அதற்கு வந்த பதில், இணையத்தில் ஏதாவது ஒரு தளத்தில் பணம் கட்டிச் சேர்ந்து பெயரைத் தட்டினால் போதும் என்ற அளவில் முடிந்துவிட்டது. பெயரைத் தட்டினால் அந்தப் பெயருள்ள நாலாயிரம் பேர் வருவார்கள். அவர்களில் நம் ஆள் யார் என்பதை அந்தத் தளம் சொல்லாது. இதே தேடலில் நான்கு ஆண்டுகளைச் செலவழித்தவன், அதில் முதல் ஆண்டை முழுக்கத் தவறான மனிதரின் பின்னால் ஓடி வீணாக்கியவன் என்ற முறையில் நான் அறிந்ததை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் பெஸ்தாரி ஜெயாவில் வசிக்கிறேன். என் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றுவட்டாரத் தோட்டம் ஒன்றில் முப்பத்தோராண்டு கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றேன். என் தாயாரின் தாயார் 1912-இல் இதே வட்டாரத்தில் வேறொரு தோட்டத்தில் பிறந்தவர். அவரைப் பெற்றவர் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, ஒரு தமிழ்ப் பெண். தகப்பன், அங்கே ஐந்தாறு ஆண்டுகள் இருந்த வாக்கர் என்னும் சின்ன துரை (துணை நிர்வாகி). பாட்டிக்குப் பூனைக்கண் என்பது, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் முழுக்கத் தெரிந்த செய்தி என்றாலும், வீட்டில் அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. கடைசிக் காலத்தில், நானும் என் அக்காவும் மட்டும் பக்கத்தில் இருந்த ஒரு பிற்பகலில் பாட்டியே வாய் திறந்தார். "எங்கப்பன் குதிரை ஏறமாட்டானாம், சைக்கிளும் வச்சிக்கலையாம், ஒவ்வொரு நெரையும் நடந்தே பார்ப்பானாம், அதனாலதான் அவனுக்கு வாக்கர்னு பேரு" என்றார். பள்ளிக்கூட ஆங்கிலம் படித்திருந்த எங்களுக்கும் அது பொருத்தமாகவே பட்டது. நான் கேட்ட பெயர் விளக்கங்களில் இவ்வளவு அழகான தவறு வேறில்லை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

தேடத் தொடங்கியபோது நான் செய்த முதல் பிழை, குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. மலாயாவில் வாக்கர் என்ற தோட்டக்காரர் என்றதும், நாட்டு வரலாறு தெரிந்த எவருக்கும் சுங்கை சிப்புட் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16-ஆம் நாள் காலையில் எல்ஃபில் தோட்டத்து அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நிர்வாகியின் பெயர் ஆர்தர் வாக்கர். அதே நாளில் அதே வட்டாரத்தில் இன்னொரு தோட்டத்தில் மேலும் இரு ஐரோப்பியர்கள் கொல்லப்பட, அவசரகாலம் பிரகடனமாயிற்று. அவர்தான் நம் பூட்டன் என்று எங்கள் உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னார். நானும் நம்பி, பழைய தோட்டக்காரர்கள் பலர் அடக்கமாகியிருக்கும் பத்துகாஜா கல்லறைத் தோட்டம்வரை போய், கற்களைப் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். பல மாதம் கழித்துத்தான் புத்தி வந்தது. இறந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது என்றால், என் பாட்டி பிறந்த 1912-இல் அவர் அரைக்கால் சட்டை போட்ட பள்ளிப் பையன். வாழ்நாள் முழுக்கக் கணக்கெழுதிப் பிழைத்தவனுக்கு இந்தக் கழித்தல் முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

ஆகவே அந்த வாசகிக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, இங்கிலாந்துக்குப் போகுமுன் வீட்டுப் பரணைப் பார்க்க வேண்டும் என்பதுதான். என் பாட்டியின் சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருந்தது. தாயின் பெயர்க் கட்டத்தில் ஒற்றைப் பெயர்; பிறப்பைத் தெரிவித்தவர் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர். பிற்பாடு பூட்டியை மணந்துகொண்டு பாட்டியையும் தம் பிள்ளையாகவே வளர்த்த வெட்டு மரக்காரர் ஒருவரின் பெயரே அடையாளக் கார்டில் பாட்டியின் பெயருக்குப் பின்னால் ஏறியது. ஆகவே வாக்கர் என்ற பெயர் எங்கள் வீட்டில் எந்தத் தாளிலும் ஒருநாளும் ஏறியதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று பாட்டியின் தகரப் பெட்டிக்குள், புடவைக்கு அடியில், மருந்துக் கடை நாட்காட்டித் தாளில் சுற்றிக் கிடந்தது. பூட்டியின் அண்ணனுக்கு 1915 மார்ச்சில் துரை எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதம். நான்காக மடித்து மடித்து மடிப்புக் கோடுகள் பழுத்துக் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் தமிழ்ப் பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. மேலே தோட்டத்தின் பெயர், கீழே மசியில் ஆறே வரி: இவரை ஐந்தாண்டுகளாக அறிவேன், நாணயமானவர், முப்பது பேர் கொண்ட வெட்டுக் கூட்டத்தை மேய்க்க வல்லவர், காங்காணி வேலை கொடுக்கலாம். அடியில் கையொப்பம். மற்ற கடிதங்களில் முதலெழுத்துகளைக் கிறுக்கும் வழக்கமுள்ள துரைமார்கள், சிபாரிசுக் கடிதத்தில் மட்டும் முழுப் பெயரையும் எழுதியிருப்பார்கள். அந்த நல்ல பழக்கத்தால் எனக்கு ஒரு நடுப்பெயர் கிடைத்தது. அவருடைய முதற்பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன், ஏனெனில் அவருடைய சட்டப்படியான வாரிசுகள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். நடுப்பெயர் அக்ராய்ட்.

பிள்ளைக்கு இரண்டாம் பெயராகத் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரை வைப்பது ஆங்கிலேயக் குடும்பங்களில் பரவலான வழக்கம். வாக்கர் என்பவர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்; அக்ராய்ட் வீட்டுப் பெண்ணை மணந்த வாக்கர் எத்தனை பேர் இருக்க முடியும்? அதோடு அந்தப் பெயருக்கு ஊரும் உண்டு. யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிப் பேச்சுவழக்கில் ராய்ட் என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். அக் என்பது ஓக் மரம். ஓக் மரக் காட்டை வெட்டித் திருத்திய இடத்தில் குடியிருந்தவர் என்பதே அக்ராய்ட். ஹோல்ராய்ட், மர்காட்ராய்ட் என்று இதே வாலுள்ள பெயர்கள் ஹாலிஃபாக்ஸ் நகரைச் சுற்றி மண்டிக் கிடக்கின்றன. குறிச்சி என்று முடியும் ஊர்ப் பெயரைக் கேட்டதும் நமக்கு எந்தச் சீமை என்று தோன்றிவிடுகிறதல்லவா, அதுபோலத்தான். காடு வெட்டியவர் பெயரைச் சுமந்த ஒருவர், சிலாங்கூரில் காட்டை வெட்டி ரப்பர் நட்ட காலத்தில் இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்.

இனி வாக்கர். இந்தப் பெயருக்கும் நடைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது ரப்பர்க் காட்டு நடை அன்று. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி தளர்வாகவும் ஆட்டு மயிரின் எண்ணெய்ப் பிசுக்கோடும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, ஒருவகைக் களிமண் கலந்த நீரோ புளித்த சிறுநீரோ ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதித்தால்தான் பிசுக்குப் போய் இழைகள் இறுகித் துணி கெட்டிப்படும். அப்படி மிதித்தவருக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் நடுநாட்டிலும் வாக்கர் என்று பெயர். அதே வேலையைச் செய்தவர் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். நீரால் இயங்கும் சம்மட்டிகள் வந்து மனிதக் காலுக்கு ஓய்வு கொடுத்தது பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில். தொழில் முறை மாறியும் பெயர் நின்றுவிட்டது. ஹாலிஃபாக்ஸ் கம்பளிச் சீமையின் நடுவில் இருக்கிறது. கைத்தறிக்காரர்கள் துணிகளைக் கொண்டுவந்து விற்பதற்கென்றே 1779-இல் திறக்கப்பட்ட பீஸ் ஹால் என்னும் பெரிய முற்றக் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த ஊரில் வாக்கர்கள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலேயக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தவை. செய்த தொழில், குடியிருந்த இடம், தகப்பன் பெயர், பட்டப் பெயர். ஸ்மித் கொல்லர், கூப்பர் பீப்பாய் செய்பவர், ஃபிளெட்சர் அம்பு செய்பவர், ஹில் மலையடிக்காரர், ஜான்சன் ஜானின் மகன், ஆம்ஸ்ட்ராங் வலுத்த கையர். நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு தொடங்கி ஏறத்தாழ 1400 வரையில் இந்தப் பெயர்கள் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று நிலைபெற்றன. மேற்கு யார்க்‌ஷயருக்கு 1379-ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியல் அச்சில் கிடைக்கிறது. பெயரும் தொழிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பட்டியலில், தொழில் பெயர் குடும்பப் பெயராக இறுகுவதைக் கண்ணால் பார்க்கலாம். நமக்கோ தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. என் அடையாளக் கார்டில் இருக்கும் என் தகப்பனார் பெயர் என் பேரனின் கார்டில் இருக்காது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை; தேடுகிறவனுக்கு இதனால் வரும் துன்பத்தைச் சொல்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குடும்பப் பெயரின் பொருள் வேறு, குடும்பத்தின் வரலாறு வேறு. என் பூட்டனின் முன்னோரில் எவரோ துணி மிதித்திருக்கலாம் என்று மட்டுமே அந்தப் பெயர் சொல்கிறது. எப்போது, எந்த ஊரில் என்று சொல்லாது. இது புரியாமல் என் மைத்துனர் மகன், வாக்கர் குடும்பச் சின்னம் என்று இணையத்தில் ஒருவர் விற்றதை நூற்றெண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தான். ஆங்கிலேய மரபில் குலச்சின்னம் ஒரு குடும்பப் பெயருக்கு வழங்கப்படுவதில்லை; குறிப்பிட்ட ஒரு மனிதருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. 1484 முதல் லண்டனில் இதற்கென்றே சின்னக் கல்லூரி என்ற அமைப்பு உண்டு. துணி மிதித்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேடயம் கிடையாது. பையன் மனம் நோகக் கூடாதென்று அது இன்னும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசாங்கமே பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1-இல். அந்தப் பதிவுகளின் அட்டவணையைத் தன்னார்வலர்கள் படியெடுத்து ஃப்ரீபிஎம்டி என்ற தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். தாயின் பிறந்தவீட்டுப் பெயரோடு தேட வேண்டுமானால் அரசுப் பதிவாளர் அலுவலகத்தின் சொந்த அட்டவணை இருக்கிறது. ஹாலிஃபாக்ஸ் பதிவு வட்டம், தாய் அக்ராய்ட் என்று குறுக்கியதும் ஒரே ஒருவர் எஞ்சினார். 1886-இல் பிறந்தவர். பிறகு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. அங்கே பத்தாண்டுக்கொரு முறை அது நடந்தாலும், வீட்டுக்கு வீடு அனைவரின் பெயரும் கிடைப்பது 1841 முதல்தான். நூறாண்டு கழிந்த பிறகே ஏடுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படும், கடைசியாகத் திறந்தது 1921-ஆம் ஆண்டு ஏடு. 1891-இல் அவர் ஐந்து வயதுப் பிள்ளை. தகப்பனார் கம்பளி ஆலையில் கணக்கர், அதாவது என்னைப் போல் ஒரு கிராணி. 1901-இல் பதினைந்து வயது, சாயப் பட்டறை அலுவலகத்தில் எடுபிடி.

1911-ஆம் ஆண்டு ஏட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய கணக்கெடுப்புகளில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பாளர் தம் புத்தகத்தில் படியெடுத்தது. 1911-இல் வீட்டுக்காரரே தம் கையால் நிரப்பிய தாள் அப்படியே இருக்கிறது. மணமான பெண் ஒவ்வொருவரும் உயிரோடு பெற்ற பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்றும் அந்த ஆண்டு கேட்டிருந்தார்கள். என் பூட்டனின் தகப்பனார், கணக்கருக்கே உரிய சாய்வில்லாத கையெழுத்தில், பெற்றவை ஐந்து, இருப்பவை நான்கு, இறந்தது ஒன்று என்று எழுதியிருக்கிறார். ஆனால் அன்றிரவு வீட்டில் இருந்ததாக அவர் பட்டியலிட்ட பிள்ளைகள் மூன்று பேர்தான். நான்காவது ஆள் அப்போது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், வேலையாட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டில் நின்றுகொண்டிருந்தார். கணினித் திரையில் அந்த 'நான்கு' என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர் இங்கே வந்ததற்கு ஆதாரம் கப்பல் பயணிகள் பட்டியலில் கிடைத்தது. இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து வெளிநாடு சென்றவர்களின் பட்டியல் 1890 முதல் 1960 வரையில் லண்டனின் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கட்டணத் தளங்களில் அதைப் பார்க்கலாம். இங்கே வந்த பிறகு நடந்ததற்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னாக்கி இலவசமாக வைத்திருக்கும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைப் போல் வேறொன்று இல்லை. எந்தத் துரை எந்தத் தோட்டத்துக்கு மாறினார், யார் விடுப்பில் சீமைக்குப் போகிறார், யார் கிரிக்கெட்டில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதெல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கும். தேடும்போது பழைய ஊர்ப் பெயர்களில் தேட வேண்டும். தெலுக் இந்தானைத் தெலுக் ஆன்சன் என்றும், போர்ட் கிள்ளானைப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றும் தட்டாவிட்டால் ஒன்றும் வராது. என் பூட்டன் 1915-இல் படையில் சேரக் கப்பலேறியது இரண்டே வரிச் செய்தியாக வந்திருந்தது. அந்த வாரத்தில்தான் சிபாரிசுக் கடிதமும் எழுதப்பட்டிருக்கிறது. அப்போது என் பாட்டிக்கு மூன்று வயது.

படையில் அவர் எங்கே இருந்தார் என்பது முழுமையாகக் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பணிபுரிந்த சிப்பாய்களின் ஏடுகளில் பாதிக்கு மேல், 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில் எரிந்துபோயின. 1931-ஆம் ஆண்டு மக்கள் தொகை ஏடுகளும் 1942-இல் தீயில் போயின; 1941-இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. ஆகவே அந்த முப்பது ஆண்டு இடைவெளியை 1939-ஆம் ஆண்டு எடுத்த போர்க்காலப் பதிவேட்டைக் கொண்டுதான் தாண்ட வேண்டும். போர்ப் பதக்கம் பெற்றவர்களுக்கான பதிவு அட்டை ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் உயிரோடு திரும்பினார். 1919-இல் ஹாலிஃபாக்ஸில் மணம் புரிந்து, இரண்டு பிள்ளைகள் பெற்று, ஐம்பதுகளில் இறந்தார். 1858 முதல் உள்ள உயில் அட்டவணையில் அவர் விட்டுச்சென்ற தொகைகூட இருக்கிறது. மலாயாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

1837-க்கு முந்தியதற்குத் தேவாலயப் பதிவேடுகளே கதி. தாமஸ் கிராம்வெல் 1538-இல் இட்ட ஆணையால் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை எழுதி வைக்கத் தொடங்கியது. பிறந்த நாளும் இறந்த நாளும் அவற்றில் பெரும்பாலும் இரா. அவற்றைப் பிடித்துக்கொண்டு 1768 வரை ஏறினேன். அதற்கு மேல் ஒரே தேவாலய வட்டத்தில் ஒரே முதற்பெயரில் மூன்று வாக்கர்கள் நிற்கிறார்கள். எவர் எங்களவர் என்று சொல்லும் தாள் எனக்கு அகப்படவில்லை. அங்கே நிறுத்திவிட்டேன். தாள் நின்ற இடத்தில் நிற்காதவர்கள்தான் கடைசியில் ஏதாவது ஓர் அரச வம்சத்தில் போய் முடிகிறார்கள்.

தாளில் கோடாக இருந்த தகப்பன் பெயரை உறுதிப்படுத்த மரபணுச் சோதனை ஒன்றே வழி. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை வைத்துச் செய்யும் சோதனை எங்களுக்கு உதவாது, பிறந்தது பெண் என்பதால். இங்கிலாந்தில் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது; ஆக எங்களுக்குப் பெயரும் வரவில்லை, அந்தக் குரோமோசோமும் வரவில்லை. பொதுவான சோதனைக்கு என் அக்கா எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினார். பாட்டன் பாட்டிக்கு மேல் தலைமுறையில் ஒருவரிடமிருந்து நமக்குச் சராசரியாக நூற்றுக்குப் பன்னிரண்டரைப் பங்கு வரும்; வேறு தாய் வழியில் அதே பூட்டனுக்குப் பிறந்த பூட்டப் பிள்ளையோடு நாம் பகிர்ந்துகொள்வது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அந்த அளவில் யார்க்‌ஷயரிலிருந்து ஒரு பெண்மணியின் பெயர் வந்து நின்றது. அவர் வாக்கரின் சீமை மகனுடைய பேத்தி.

அவருக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தோம். அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரைக்கும் வெட்டு மரக்காரப் பெண்ணுக்கும் நடுவில் இருந்த தூரத்தை நான் அறிவேன். அரசாங்க அதிகாரிகள் உள்ளூர்ப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று குடியேற்ற நாட்டு அமைச்சர் குரூ பிரபு 1909-இல் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது என்றால், அது எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்று பாருங்கள். தோட்டத் துரைமார்களை அந்தச் சுற்றறிக்கையும் கட்டுப்படுத்தவில்லை. என் பூட்டி விரும்பிப் போனாரா, மறுக்க வழியில்லாமல் போனாரா என்பதற்குச் சாட்சி இல்லை. இதைக் காதல் கதையாக எழுதச் சொன்ன உறவினர்களுக்கு நான் இணங்கவில்லை. நடந்ததை மட்டும், எதையும் கேட்காமல், பாதிப் பக்கத்தில் எழுதி அனுப்பினோம். பத்து நாளில் மரியாதையான பதில் வந்தது. தம் குடும்ப வரைபடத்தில் எங்களுக்கு இடம் ஒதுக்குவதாகவும், அதற்காக எங்கள் பூட்டியின் முழுப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தப் பெண்மணி கேட்டிருந்தார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஹாலிஃபாக்ஸ்காரரின் ஐந்தாம் தலைமுறைப் பாட்டனுக்கு 1768-இல் எந்தக் கிழமை ஞானஸ்நானம் நடந்தது என்று என்னால் சொல்ல முடியும். என் தாயின் பாட்டிக்குத் தகப்பன் பெயர் என்ன என்று தெரியாது. இருப்பது ஓர் அம்மன் பெயர். லயத்துக்கு மூன்று பேருக்கு இருந்த பெயர். ஊர் முசிறியோ குளித்தலையோ என்று பாட்டி சொல்வார். காவிரிக்கு இக்கரையும் அக்கரையும். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கும், பிஜிக்குப் போனவர்களுக்கும், ஆளுக்கொரு எண்ணும், தகப்பன் பெயரும், ஊர், தாலுகா, சாதி எல்லாமும் ஏட்டில் இருக்கின்றன. அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் அந்த எண்ணைக் கொண்டு ஊரைக் கண்டுபிடித்துப் போய்க் கோவிலில் பொங்கல் வைத்துவிட்டு வருகிறார்கள். இங்கே 1910-இல் ஒப்பந்தமுறை ஒழிந்தது. அதற்கு முன்பே எங்கள் வட்டாரத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும், ஊரில் ஆள் திரட்டிக் கொண்டுவந்து மேய்த்த காங்காணியின் பின்னால் வந்தவர்கள். காங்காணிக்குத் தெரிந்த ஊர், அவரோடு போய்விட்டது.

மிஞ்சியிருந்தது தோட்டத்து ஏடுகள்தான். நான் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், பக்கத்துத் தோட்டம் ஒன்று வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது, பழைய அலுவலகத்துச் செக்ரோல் என்னும் ஆள் வருகைப் பேரேடு, டிரஸ்ஸரின் பிறப்பு இறப்புப் புத்தகம், முன்பணக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்டோருக்குப் பின்னால் குவித்து இரண்டு நாள் எரித்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி ஆவதொன்றுமில்லை. அப்படிச் செய்தது அது ஒன்று மட்டுமல்ல. காவலாளி என்னிடம் படித்த பையன் போல மரியாதை காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டதால், நான்கு புத்தகங்களை இழுத்தெடுத்துச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். 1926, 1931, 1932, 1937.

செக்ரோலைக் கையாளாதவர்களுக்குச் சொல்கிறேன். இடது ஓரத்தில் எண், பெயர், எந்தக் காங்காணியின் ஆள். அதற்கு வலப்புறம் மாதத்தின் முப்பத்தொரு நாளுக்கும் முப்பத்தொரு சிறு கட்டம். வந்தால் ஒரு கோடு, அரை நாளென்றால் அரைக் கோடு. 1931 புத்தகத்தில் ஒரு பெண்ணின் வரிசை பிப்ரவரி பாதிவரை ஒழுங்காக ஓடுகிறது, பிறகு அரைக் கோடுகள், பிறகு ஐந்து வாரம் வெறுமை, மறுபடியும் கோடுகள். நடுவில் கிராணி பென்சிலால் 'ஆண்' என்று எழுதி அடித்திருக்கிறார். என் பாட்டி பிறந்தபோதும் இப்படி ஒரு வெற்றிடம் 1912 செக்ரோலில் இருந்திருக்கும். பூட்டி எந்தக் காங்காணியின் ஆள் என்பது அந்த வரிசையின் தொடக்கத்தில் இருந்திருக்கும்; காங்காணியின் ஊர் தெரிந்தால் முசிறியா குளித்தலையா என்பது தீர்ந்துபோகும்.

தாங்கள் இரண்டு உதவிகள் செய்ய வேண்டும். பழைய தோட்ட ஏடுகளை வைத்திருக்கும் நிர்வாகங்கள் அவற்றை எரிக்காமல் நம் நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் எழுதுங்கள். தொழிற்சங்கமும் கோவில் நிர்வாகங்களும் கேட்டால் கேட்பார்கள் என்றே நினைக்கிறேன். அடுத்து, கிராணி, டிரஸ்ஸர், கணக்குப்பிள்ளை வேலை பார்த்தவர்களின் வீடுகளில் ஒன்றிரண்டு ஏடுகள் இருக்கவே செய்யும். பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு வரி தெரிவிக்கும்படி வாசகர்களைக் கேளுங்கள். கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து 1910 முதல் 1915 வரையிலான செக்ரோல் யாரிடமாவது இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குச் சொல்லியனுப்பினால் எந்த ஊருக்கானாலும் நானே வந்து பார்த்துக்கொள்வேன். புத்தகத்தை வாங்கிப் போக மாட்டேன்.

அந்த வாசகிக்கு: துரையின் முழுப் பெயர் உள்ள ஒரு தாள் கிடைத்துவிட்டால் மற்றவை ஆறு மாத வேலை. அதற்கு முன்பு, உங்கள் பாட்டியின் தாயைப் பற்றி அறிந்த பெரியவர்கள் எவரேனும் இருந்தால் இந்த வாரமே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர்ப் பெண்மணிக்கு நான் கடைசியில் எழுதிய பதிலில், பூட்டியின் ஒற்றைப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதி, அப்படியே அச்சிடச் சொல்லி, பிறந்த ஊர் என்ற இடத்தில் முசிறி அல்லது குளித்தலை என்று குறித்திருக்கிறேன். பெற்றோர் பெயருக்கான இரண்டு கட்டங்களை அவர் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.